நான் சொன்ன பாதி

11.2.2024, ஞாயிறு

பாப்பாவுக்கு மேல்பல் இரண்டும் வந்துவிட்டன. பால் குடிக்கும்போது கடிக்கிறாள். இன்று பூமி வந்திருந்த நேரத்தில் கடித்துவிட்டாள். நான் கத்தியதில் அவள் அழ, அவன் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துவிட்டு வந்தான். வந்த பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னான்.

மதுரையில் மனநல டாக்டர் ஒருவரை மூன்று முறை பார்த்திருக்கிறான். அடுத்த தடவை வீட்டாள் ஒருவரை அழைத்துவரச் சொல்லியிருக்கிறார், சின்ன வயதைப் பற்றிக் கேட்க. அவர் எழுதிக் கொடுத்தால் ஹார்மோன் ஊசி தொடங்கலாம். அதற்குப் பிறகு நெஞ்சு ஆபரேஷன்.

"அம்மா வராது. நீ வாரியாக்கா?"

பார்க்கிறேன் என்றேன். என்னத்தைப் பார்க்கப் போகிறேன்?

'அவன்' என்று எழுதிப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆனது. என் தங்கையாக வளர்ந்தவன். இருபத்திரண்டு வயதில் ஒருநாள் போனில், "நான் ஒனக்குத் தம்பிக்கா" என்றான். இப்போது இருபத்தைந்து. கப்பலூரில் லேத் வேலை, திருமங்கலத்தில் ரூம். ஆதாரில் உள்ள பேரை இங்கே எழுதமாட்டேன். பூமி என்பது வீட்டில் எப்போதும் கூப்பிட்ட பேர்தான். அதோடு ஒரு நாதனைச் சேர்த்துக்கொண்டான்.

சட்டைக்குள்ளே நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிற பனியன் ஒன்று போடுகிறான். குனிந்தபோது காலர் வழியாகத் தெரிந்தது — முதுகு முழுக்க வேர்க்குரு, சில இடம் புண்ணாகி. தை மாதத்திலேயே இப்படி. சித்திரையில் என்ன செய்வான்?

ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து. என் சிசேரியனுக்கு முன்னால் நான் மூன்று நாள் தூங்கவில்லை.

20.2.2024, செவ்வாய்

போனேன். பாப்பாவையும் தூக்கிக்கொண்டு. டாக்டர் என் வயது இருப்பார். பூமியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "சின்ன வயசுல எப்படி இருந்தாங்க?" என்றார்.

எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வதைச் சொன்னேன். அப்பாவுக்கு ஆண்பிள்ளை என்றால் உயிர். இரண்டாவதும் பெண்ணாகப் போனதால் டவுசர் சட்டை மாட்டி, முடியை ஒட்ட வெட்டி, 'ஏலே' போட்டுத்தான் வளர்த்தார். எங்கள் பக்கம் இது புதிதில்லை. மகன் இல்லாத வீட்டில் கடைசிப் பெண்ணுக்கு டவுசர் மாட்டி அழகு பார்ப்பார்கள். சின்னதிலிருந்தே இவன் இப்படித்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

21.2.2024

பூமி போனை எடுக்கவில்லை.

25.2.2024, ஞாயிறு

வந்தான். உட்காரவில்லை.

வீட்டில் ஆண்பிள்ளையாகவே வளர்த்ததாக அக்கா சொல்கிறார், அதனால் அவசரப்படாமல் இன்னும் ஆறு மாதம் பேசிப் பார்த்து முடிவு செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"நான் அப்பாவோட ஆசைன்னு எழுத வச்சிட்டு வந்திருக்க."

நல்லதுக்குத்தானே சொன்னேன் என்றேன்.

"அஞ்சு வயசு வரைக்கும் உள்ள கதையத்தான் சொல்லிருக்க. மிச்சத்த யாருக்கா சொல்லுவா?"



ஆறு மாதம் அவனால் முடியாதாம். வேறு ஸ்டேட்டில் ஒரு இடம் இருக்கிறதாம். டாக்டர் கடிதம் கேட்கமாட்டார்கள், வீட்டாள் கேட்கமாட்டார்கள். காலையில் போனால் மறுநாள் பஸ் ஏறிவிடலாம். கூட்டிப்போகிற ஆள் மார்ச் 15 என்று தேதி சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டு, பாப்பாவின் கன்னத்தைக்கூடத் தொடாமல் போய்விட்டான்.

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தூத்துக்குடிக்கு லோடு ஏற்றப் போகும்போது, "அது சரியான எடமாத் தெரியல" என்றார். அவ்வளவுதான். அது எனக்குத் தெரியாதா.

27.2.2024, செவ்வாய்

இரண்டு நாளாகப் போனில் படித்துக்கொண்டே இருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம். மதுரையிலேயே காத்திருக்கலாம். சென்னையில் தனியார் இருக்கிறது, அங்கேயும் கடிதம் கேட்பார்கள் போல. ஹார்மோன் இல்லாமல் நெஞ்சு மட்டும் செய்துகொள்கிறவர்களும் உண்டாம். ஒரு இடத்தில் ஊசியால் ரத்தம் கெட்டிப்படும் என்று போட்டிருக்கிறது, இன்னொரு இடத்தில் அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொண்டால் பயமில்லை என்கிறது. நான் பி.எஸ்ஸி கணக்கு. எனக்கு என்ன தெரியும்?

பூமியின் சிநேகிதர் இம்மானுவேல் நம்பர் என்னிடம் இருந்தது. அவரும் இவனைப் போலத்தான், பத்து வயது மூத்தவர். கூப்பிட்டேன். கடிதம் கேட்காத அந்த மாதிரி ஒரு இடத்துக்குத்தான் அவரும் போயிருக்கிறார். ஒரு பக்கம் சீழ் பிடித்துவிட்டது. காய்ச்சலோடு திரும்பிப் போனால் அங்கே ஆளே இல்லை. வேறு ஆஸ்பத்திரிகளில் யார் செய்தது என்று கேட்டுக் கேட்டு நாள் போயிருக்கிறது.

"தம்பிய நிறுத்துங்கன்னு நான் சொல்ல மாட்டேன். போற எடத்த மாத்தச் சொல்லுங்க. காத்திருக்கிறவனுக்கு ஒரு நாளும் ஒரு வருஷந்தான், அத மட்டும் மனசுல வச்சிக்கங்க."

அவனைக் காத்திருக்க வைத்தது யார்? நான்தானே.

1.3.2024, வெள்ளி

திருச்சுழி பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். அம்மா பருத்தி எடுத்துவிட்டு வந்து தூசி தும்பு பொறுக்கிக்கொண்டிருந்தது. பூமி மார்ச் 15-க்குப் போகப்போவதைச் சொன்னேன். அம்மாவின் கை நிற்கவில்லை.

"அவுக வளத்த வளப்பு. சட்ட போட்டுப் பழக்கிட்டு அவுக போய்ச் சேந்துட்டாக, இப்ப நம்ம கெடந்து அனுபவிக்கிறோம்."

"அப்பறம் பூமி கை ஒடஞ்சது?" என்றேன்.

அப்போதுதான் நின்றது. பஞ்சில் ஒட்டியிருந்த சருகை எடுத்துக் கீழே போட்டது. எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தது. பாப்பாவைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு சொன்னது:

"அப்படிச் சொல்லிக்கிட்டாத்தான்த்தா நமக்கு ஒரு காரணம் இருந்துச்சு."

நான் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்ததும் இந்தக் காரணத்தைத்தான்.

5.3.2024, செவ்வாய்

மறுபடி அந்த டாக்டரிடம் போனேன். போகட்டுமா என்று பூமிக்கு மெசேஜ் அனுப்பியிருந்தேன். 'போ' என்று ஒரு எழுத்துதான் பதில்.

அவன் இல்லாமல் அவனைப் பற்றித் தன்னால் எதுவும் பேச முடியாது, நான் சொல்ல வந்ததை எழுதிக் கொடுக்கலாம் என்றார். வராந்தாவில் பாப்பாவை மார்பில் போட்டுக்கொண்டு, நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்து எழுதினேன். என்ன எழுதினேன் என்று இங்கேயும் இருக்கட்டும்.

அப்பா சட்டை போட்டுவிட்டது ஐந்து வயது வரைக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றோடு நிறுத்திவிட்டார். பாவாடை, ரிப்பன், வளையல். பூமி நிறுத்தவில்லை. ஒளித்து வைத்துப் போட்டான். அடி வாங்கினான், மறுபடியும் போட்டான். பதினோரு வயதில் அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு கண்மாய்க்கரையில் பையன்களோடு நின்றதை யாரோ வந்து சொல்ல, அப்பா அவனை வீட்டுக்கு இழுத்து வந்தார். மண்வெட்டிப் பிடியால் அடித்தார். இடது கை முறிந்தது. வேப்பமரத்திலிருந்து விழுந்துவிட்டது என்று வைத்தியரிடம் சொல்லிக் கட்டு போட்டோம்.

சத்தம் தெருவுக்குக் கேட்குமே என்று கதவைச் சாத்தினது நான். எனக்குப் பதினாலு வயது. யாரும் என்னைச் சாத்தச் சொல்லவில்லை.

யாரும் வளர்த்து இவன் இப்படி ஆகவில்லை. வேண்டாம் என்று அடித்தும் மாறவில்லை. அன்றைக்கு இதைச் சொன்னால் கதவையும் சொல்லவேண்டி வருமே என்றுதான் பாதியோடு நிறுத்தினேன்.

டாக்டர் வாசித்துவிட்டு பைலில் வைத்தார். கொடுப்பதற்கு முன் போட்டோ எடுத்துப் பூமிக்கும் அனுப்பிவிட்டேன். பஸ்ஸில் கள்ளிக்குடி தாண்டுகிற வரைக்கும் போனைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

7.3.2024, வியாழன்

இன்று காலை பதில் வந்தது.

'கதவ சாத்துனது நீயா. அம்மான்னுல நெனச்சிருந்தேன்.'

பதினாலு வருஷம் அம்மா மேல் இருந்த கோபம். அதை எடுத்து நான் வாங்கிக்கொண்டேன். சரி. வாங்கிக்கத்தான வேணும்.

பால் சரியாக வரவில்லை. பாப்பா அழுதுகொண்டே இருந்தாள்.

10.3.2024, ஞாயிறு

பூமி கூப்பிட்டான். "அந்த ஆளுட்ட வரலன்னு சொல்லிட்டேன். டாக்டரு வரச்சொல்லிருக்காங்க. ரெண்டு பேரையும்."

கதவைப் பற்றி அவன் பேசவில்லை. நானும் எடுக்கவில்லை. வைத்துவிட்டான்.

16.4.2024, செவ்வாய்

டாக்டர் முதலில் அவனிடம்தான் பேசினார். யார் எப்படி வளர்த்தார்கள் என்பதற்குத் தானும் கூடுதலாக இடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பிறகு என்ன வேண்டும் என்று கேட்டார்.

"நெஞ்சு இருக்க வேணாம், எடுத்துரணும். கொரலு மாறணும், தாடி வரணும். கீழ எதையும் தொட வேணாம், இப்போதைக்கு."

எனக்கு ஆச்சரியம். ஆபரேஷன் என்றால் ஒரேயடியாக எல்லாம் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். இவனோ எனக்கு முன்பே எல்லாவற்றையும் படித்து, தனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்து வைத்திருக்கிறான். படிக்காதவள் நான்தான்.

ஊசி தொடங்கினால் பின்னால் பிள்ளை பெறுவது கடினமாகலாம், கருமுட்டையை எடுத்துச் சேமித்து வைக்க விருப்பமா என்று கேட்டார். வேண்டாம் என்றான். நன்றாக யோசித்தீர்களா என்றார் டாக்டர்.

"ஆச வந்தா அக்கா வீட்டுக்குப் போயி பாப்பாவ ரெண்டு நாளு வச்சிருந்தாத் தெளிஞ்சிரும் டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டார். என்னை வைத்துக் கேலி பேசி இரண்டு மாதம் ஆகிறது. நான் கைக்குட்டையைத் தேடினேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். இரண்டு நாளாகப் பால் மறக்கடிக்க வேப்பிலை அரைத்துப் பூசுகிறேன், பிறகு மனசு கேட்காமல் துடைத்துவிட்டுக் கொடுக்கிறேன். எனக்கு விட மனசில்லாத ஒன்று, அவனுக்கு ஒவ்வொரு நாளும் கட்டி மறைக்க வேண்டிய ஒன்று. இதை நான் புரிந்துகொண்டேனா? முழுசாக இல்லை. புரிந்தால்தான் கூடப் போகவேண்டும் என்று இருக்கிறதா?

28.5.2024

முதல் ஊசி. ரத்தம் எல்லாம் சரியாக இருந்ததாம். எறும்பு கடித்த மாதிரிதான் என்று மெசேஜ்.

14.7.2024, ஞாயிறு

போன் அடித்தது, பேரைப் பார்க்காமல் எடுத்தேன். "என்னக்கா பண்ற" என்று ஒரு ஆம்பளைக் குரல். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தது. "ஏக்கா, சொந்தத் தம்பிய ராங் நம்பர்ங்கிற" என்று கரகரப்பாகச் சிரிக்கிறான்.

போனை இவரிடம் கொடுத்தேன். பூமி இவரை எப்போதும் மச்சான் என்றுதான் கூப்பிடுவான். அந்தச் சொல் மாறவேண்டியதில்லை. மாறவேண்டியது இவர் கூப்பிடுவதுதான். கொழுந்தியா என்று கேலி பேசிக்கொண்டிருந்தவர், மூன்று வருஷமாக எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் 'இங்க பாரு', 'கேட்டியா' என்றே ஓட்டிக்கொண்டிருந்தார். இன்று போனைக் காதில் வைத்தவர் கொஞ்சம் கனைத்துக்கொண்டார்.

"என்ன மாப்ள, தொண்டைல சளியா?"

பிறகு இரண்டு பேரும் வண்டி டயரைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார்கள்.

3.12.2024, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. காலை எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பன்னிரண்டே காலுக்கு வெளியே வந்தான். இரண்டு பக்கமும் குழாய் வைத்து, நெஞ்சைச் சுற்றிக் கட்டு.

பாரத்தில் உடனிருப்பவர் என்ற இடத்தில் இம்மானுவேல் பேரை எழுதியிருந்தான். என் பேர் இரண்டாவது. நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது எனக்கு. இம்மானுவேல் டீ குடிக்கப் போன நேரத்தில் உதடு காய்ந்திருக்கிறது என்று கண்ணைக் காட்டினான். பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மா போன். ஆபரேஷன் என்ற சொல்லே எடுக்கவில்லை. "சாப்பிட்டானா?" என்றது.

சாப்பிட்டானா. அப்படித்தான் கேட்டது. நான் சரியாகத்தான் கேட்டேனா? இன்னும் இல்லம்மா, ராத்திரி கஞ்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

6.4.2025, ஞாயிறு

நேற்று வந்தவன் ராத்திரி இங்கேயே தங்கினான். பாப்பா அவனை விடவில்லை.

காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தால், இடுப்பில் கைலி, தோளில் துண்டு, வாயில் பிரஷ்ஷோடு நடுத்தெருவில் நிற்கிறான். சட்டை இல்லை. எதிர்வீட்டு முத்துமாரியம்மாள் அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஒந் தம்பியாத்தா? எப்ப வந்தாக?" என்று கேட்டது. நேத்து என்றேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவனிடமே புலம்பத் தொடங்கிவிட்டது. வாய் நிறைய நுரையோடு தலையாட்டிக்கொண்டிருந்தான்.

நெஞ்சில் இரண்டு பக்கமும் தழும்பு கருஞ்சிவப்பாகக் கோடு போட்டதுபோல இருக்கிறது. முதுகில் ஒரு வேர்க்குரு இல்லை.

ஒரு வருஷத்துக்குத் தழும்பில் வெயில் படக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஏழு மணிக்கே சுள்ளென்று அடிக்கிறது. "பூமி, வெயிலு. சட்டயப் போடுரா" என்றேன்.

"போடுறேன், போடுறேன்" என்றான். அங்கேயேதான் நின்றான்.

நான் இரண்டாவது தடவை சொல்லவில்லை.