பையில் மருந்து

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து ஒரே காற்று. மாடியில் காயப்போட்ட போர்வை பறந்து பக்கத்து வீட்டு முருங்கையில். எடுக்கப் போகவில்லை. ஊசி போட்டுப் போட்டு வயிறு கல் மாதிரி.

எடுத்து வைக்க வேண்டியவை: ஸ்கேன் ரிப்போர்ட், இரண்டு ஆதார், நைட்டி, பச்சைச் சேலை (புதுசு, இன்னும் மடிப்புப் பிரிக்கவில்லை), ஐஸ் பிளாஸ்க், இவர் சார்ஜர்.

இவர் காலையிலேயே கிரெடிட் கார்டுக்காரர்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். நாரணாபுரத்தில் எங்கள் பட்டாசுக் கம்பெனிக்கு அட்டை, பேப்பர், லாரி வாடகை எல்லாம் அந்த ஒரே கார்டில் தேய்ப்பதுதான். அதில் சேர்ந்த பாயின்ட்டுக்குச் சென்னையில் பெரிய ஓட்டலில் இரண்டு ராத்திரி. கூடவே காலைச் சாப்பாடு, உசத்தி ரூம், சாயந்திரம் லவுஞ்சில் டீ பலகாரம், கடைசி நாள் நாலு மணிக்குக் காலி செய்தால் போதும். எல்லாவற்றையும் என்னிடம் ஒப்பிக்கிறார்.

"பாத்ரூம்ல தொட்டி கெடக்காம் செல்வி. படுத்துக் குளிக்கலாமாம்."

"நாம குளிக்கவா போறோம்?"

முகம் சுண்டிவிட்டது. சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் எரிச்சலாக இருக்கிறது. கல்யாணமாகி ஒன்பது வருஷம். மதுரையில் இரண்டு தடவை ஊசி, மயக்கம், காத்திருப்பு, ஒன்றும் தங்கவில்லை. இது மூன்றாவது, சென்னையில். இதற்கு மேல் என் உடம்பு தாங்காது, இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டேன். சரி என்றார். இவ்வளவுக்கும் நடுவில் தொட்டி!

ஓட்டல் வேண்டும்தான். அதையும் ஒப்புக்கொள்கிறேன். மதுரை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு சொந்தம் வந்து உட்காரும். சென்னையில் நாத்தனார் வீட்டில் தங்கினால் ராத்திரிக்குள் ஊருக்கே தெரியும்.

அத்தையிடம் பொய் சொன்னாயிற்று.

"சீசன் நேரத்துல ரெண்டு பேருமா கெளம்புறீக?"

"பெரிய பார்ட்டி அத்தை. லேபிள் டிசைன நானே காட்டணுமாம்."

"நல்லா போயிட்டு வாங்க. வந்ததும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஒரு எட்டு போயிருவோம்." வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உளறியிருப்பேன்.

ஜூலை 9, புதன்

காற்று நிற்கவில்லை. கண்ணெல்லாம் மண்.

விருதுநகரில் ஸ்கேன். ரிப்போர்ட்டைச் சென்னைக்கு அனுப்பி அரை மணியில் நர்ஸ் போன். முட்டை எல்லாம் நன்றாக வளர்ந்திருக்கிறதாம். நாளைக்கு வந்துவிட வேண்டும். நாளை சாயந்திரம் சரியாக ஏழரைக்குக் கடைசி ஊசி. சனிக்கிழமை காலையில் மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பார்கள்.

"ஏழரைன்னா ஏழரைதான் மேடம். தள்ளிப்போனா இந்த மாசம் அவ்வளவுதான்."

இவர் சிரிக்கிறார். "நேரத்தப் பாரு. ஏழரையாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மாசம் அவ்வளவுதான் என்றால் எனக்கு எல்லாமே அவ்வளவுதான்.

ஐஸ் பிளாஸ்க் புதுப் பெட்டியில் அடங்கவில்லை. இவர் கம்பெனியில் சாம்பிள் ரூமில் தொங்கிய கறுப்புத் தோள்பையை எடுத்து வந்தார். வாசலில் இரண்டு தட்டு தட்டினார். தூசி போய்விட்டது. கார்டும் அதன் பக்க ஜிப்பில்.

ராத்திரி ரயில். எழுதுவதற்குள் அவசரப்படுத்துகிறார்.

ஜூலை 10, வியாழன்

வரிசையாக எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் தூங்க முடியாது.

பகல் முழுக்க ஆஸ்பத்திரி. ரத்தம், கையெழுத்து, காத்திருப்பு. டாக்டரம்மா இவரைப் பார்த்து, "கெமிக்கல்ல வேலையா?" என்றார். "இல்ல மேடம், ஆபீஸ்தான்" என்றார் இவர். நான் திரும்பிப் பார்த்தேன். இவர் பார்க்கவில்லை. தினமும் பட்டாசு மருந்துக் கலவை நடக்கிற இடத்தில் நிற்கிற மனுஷன்.

ஊசியை ஐஸில் வைத்துக் கொடுத்தார்கள். குலுங்கக் கூடாது, சூடு படக் கூடாது. வீட்டில் இத்தனை நாளும் போட்டது இவர்தான் என்பதால் ரூமிலேயே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். டிராபிக்கில் நின்று நின்று ஓட்டல் வாசலுக்கு வரும்போது ஆறரை தாண்டிவிட்டது.

வாசல் அரண்மனை மாதிரி. கார் டிக்கியைத் திறந்தார்கள். ஒரு நாய், மஞ்சள் நிறம், நல்ல பிள்ளை மாதிரி முகம். பெட்டியை மோந்தது, போய்விட்டது. கறுப்புத் தோள்பையை மோந்தது. அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

நாய் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. களைப்பு என்று நினைத்தேன். செக்யூரிட்டி பையன் ஒருவன், இருபத்தைந்து வயது இருக்கும், பையைச் சட்டென்று தூக்கப் போனான். எனக்கு உயிரே போய்விட்டது.

"தூக்காதீங்க! அதுல மருந்து இருக்கு. குலுக்கக் கூடாது, சூடு படக் கூடாது!"

அவன் முகம் வெளுத்தது. "மருந்தா? எந்த ஊரு நீங்க?"

"சிவகாசி" என்றார் இவர்.

அவ்வளவுதான். "எல்லாரும் வெலகுங்க! வெலகுங்க!" விசில். ஆட்கள் ஓடுகிறார்கள். எங்களைக் கையைப் பிடித்து இழுத்துத் தூண் ஓரம் நிறுத்தினார்கள். பை மட்டும் தனியாக வாசலில். நாய் இன்னும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பிறகுதான் உறைத்தது. எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. வீட்டில் நாங்களே இதை 'ஊசி' என்றுதான் சொல்வோம், குழப்பம் வேண்டாம் என்று. பகல் முழுக்க நர்ஸுகள் மருந்து மருந்து என்றதில் எனக்கும் ஒட்டிக்கொண்டது. சென்னைக்காரன் காதில் விழுந்திருந்தால் மாத்திரை என்று நினைத்திருப்பான். இவன் நம் பக்கத்துக்காரன்.

ஒரு மேனேஜர் வந்தார், தமிழ் தெரியாதவர். இவர் அவரிடம் போய், "ஐயாம் கார்டு மெம்பர் சார், டூ நைட்ஸ், பிரேக்ஃபாஸ்ட்" என்கிறார். கார்டைக் காட்டச் சொன்னார்கள். கார்டு பைக்குள். போலீஸுக்குச் சொல்லியாயிற்று, அவர்கள் வந்துதான் பையைத் தொடுவார்கள் என்றார் மேனேஜர். எவ்வளவு நேரமாகும்? தெரியாதாம். உள்ளே சுவரில் பெரிய கடிகாரம். ஏழு.

இவர் மறுபடி அந்த உசத்தி ரூம் கதையை ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ.

"கார்டத் தூக்கிக் குப்பையில போடுங்க! ஊசி போச்சுன்னா எல்லாம் போச்சு!"

அந்தப் பையனிடம் போனேன். சட்டையில் மாரிமுத்து என்று இருந்தது. அத்தையிடம் மறைத்ததை, நாத்தனாரிடம் மறைத்ததை, கோட் போட்ட இத்தனை பேருக்கு நடுவில் கத்திச் சொன்னேன்.

"தம்பி, அது பட்டாசு மருந்து இல்ல. பிள்ளைக்கு. எனக்குப் பிள்ளை நிக்கிறதுக்குப் போடுற ஊசி. ஏழரைக்குப் போடணும். ஒம்பது வருசம் தம்பி."

அவன் பையைத் திரும்பிப் பார்த்தான். "அந்த மருந்தாக்கா?"

"அந்த மருந்துதான்."

"நான் இருக்கன்குடி பக்கம்க்கா. மருந்துன்னதும் எனக்கு வேற ஒண்ணும் தோணல." மேனேஜரிடம் போய் இந்தியில் ஏதோ பேசினான். அவர் தலையை ஆட்டினார், முடியாது என்று. மறுபடி பேசினான். பிறகு அவர் சொன்னதைக் கேட்காத மாதிரி விறுவிறுவென்று பையிடம் நடந்தான். மேனேஜர் கத்துகிறார். இவன் குனிந்து ஜிப்பைத் திறந்து, பிளாஸ்க்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். கோயிலில் தீச்சட்டி ஏந்தி வருகிறவர்கள் போல. வேலை போகும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

பாயின்ட்டில் வந்த ரூம் மேலே எங்கேயோ. ஊசி போட்டுக்கொண்டது செக்யூரிட்டி கேபினில், பிளாஸ்டிக் நாற்காலியில். மாரிமுத்து கதவுக்கு வெளியே திரும்பி நின்றான். இவர் கை ஒரு பொட்டு நடுங்கவில்லை. சரியாக ஏழரை. பிறகுதான் இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை.

போலீஸ் வந்து பையைப் பார்த்து, துணியில் பழைய வெடிமருந்துத் தூள் ஒட்டியிருக்கிறது, அந்த வாடைக்குத்தான் நாய் உட்கார்ந்தது என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். பை அவர்களிடமே. கார்டு திரும்பிவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

ஜன்னலில் கடல். மூடிவிட்டேன், வெயில்.

மன்னிப்புக் கேட்டுப் பழத்தட்டு, பூ, இன்னும் பெரிய ரூம். இவர் கேட்காமலே உசத்தி. ஆனால் ஒன்றையும் சொல்லிக்காட்டவில்லை. லவுஞ்சுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. காலைச் சாப்பாட்டில் இட்லி தொட்டுப் பார்த்தேன், ரப்பர்.

இவர் கை கழுவுகிறார். கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, முகர்ந்து பார்த்து, மறுபடி போய்க் கழுவுகிறார். சின்னச் சின்ன சோப்பு எல்லாம் தீர்ந்து இன்னும் கேட்டு வாங்கினார். தொட்டியில் இரண்டு தடவை படுத்துக் குளித்தாயிற்று.

மத்தியானம் கீழே மெடிக்கலுக்குப் போய்விட்டு வரும்போது, இவர் கையில் ஒன்றுமே இல்லை, அந்த நாய் வந்து இவர் காலடியில் உட்கார்ந்ததாம். ரூமுக்கு வந்து சொன்னார்.

"பை மட்டும் இல்ல செல்வி. என் மேலயே இருக்கு."

"இருக்கட்டும். தொழில் அப்படி."

"அந்த டாக்டரம்மாட்ட ஆபீஸ்னு சொல்லிட்டேன். என்னாலதானா எல்லாம்? என் ஒடம்புல இருக்கது உனக்குள்ளயும் போயிருக்குமோ?"

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக இதை வாய்விட்டுச் சொல்கிறார். இத்தனை நாளும் பாயின்ட், லவுஞ்சு, தொட்டி என்று பேசிக்கொண்டிருந்தது இதைப் பேசாமலிருக்கத்தான் போல. அப்படியெல்லாம் இல்லை என்றேன். எனக்கு மட்டும் தெரியுமா?

டாக்டரம்மாவிடம் நாளைக்கு உண்மையைச் சொல்லச் சொன்னேன். சரி என்றார்.

அத்தை போன். "எங்கன இருக்கீக? பார்ட்டி என்ன சொல்றாக?" சனிக்கிழமை தெரியும் என்றேன். அது பொய்யில்லை.

ஜூலை 12, சனி

புழுக்கம். விடியுமுன்னே ஆஸ்பத்திரி.

மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் குரல் நர்ஸுடையது. "ஊசி கரெக்டா வேலை செஞ்சிருக்கு மேடம். நல்லா எடுத்தாச்சு." வியாழக்கிழமை வந்து கருவை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டும், வேறு வழியில்லை.

இவர் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டார். திட்டவில்லையாம். எழுதிக்கொண்டாராம். இதனால்தான் என்றும் சொல்லவில்லை, இதனால் இல்லை என்றும் சொல்லவில்லை.

நாலு மணி வரை ரூம் இருந்தது புண்ணியம். கார்டு கொடுத்ததில் அது ஒன்றுதான் உண்மையாகவே உதவியது. நன்றாகத் தூங்கினேன். எழுந்து, அவர்கள் சோப்பில் குளித்து, பச்சைச் சேலையின் மடிப்பைப் பிரித்துக் கட்டிக்கொண்டேன்.

வாசலில் மாரிமுத்து நின்றான். வேலை போகவில்லை, விளக்கம் எழுதிக் கேட்டிருக்கிறார்களாம்.

"ஊருல யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்க்கா."

"சொன்னாலும் பரவாயில்ல தம்பி."

நாய் வந்தது. நேராக இவரிடம். மோந்தது, காலடியில் உட்கார்ந்தது. இவர் நகரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"அண்ணாச்சிய அது விடாது" என்றான் மாரிமுத்து.

பிறகு என்னிடம் வந்தது. கால், கை, முந்தானை, வயிற்றுப் பக்கம். ஈர மூக்கு. இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார். நாய் சுற்றி ஒரு தடவை மோந்துவிட்டு, உட்காராமல் அடுத்த காரைப் பார்க்கப் போய்விட்டது.

"பாத்தியா? பாத்தியா செல்வி? உன் மேல ஒண்ணுமில்ல!" அந்த வாசலில், எல்லோர் முன்னாலும், என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை.

சேலை புதுசு, கம்பெனித் தூசி படாதது என்று நான் சொல்லவில்லை.