புரட்டாசியில் எண்ணிய வாளிகள்

செப். 21, ஞாயிறு

காலையிலிருந்தே தூறல். பத்து காஜா ஊர், பழைய ஈயச் சுரங்கக் குட்டை. ஆறரைக்கே போய்விட்டேன்.

பையில்: தொங்கு தராசு, அளவுப் பலகை, பென்சில் இரண்டு (பேனா மழையில் கரைகிறது), ஃபாரம் நாற்பது, குடை, பிஸ்கட். தண்ணீர் போத்தல் வழக்கம்போல வீட்டு மேசையில்.

என்ன வேலை என்று அக்காவுக்கு மூன்று முறை சொல்லியும் புரியவில்லை. இங்கேயாவது ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். படகு லைசென்ஸ் வைத்து மீன் பிடிப்பவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. குட்டையில் தூண்டில் போடுகிறவர்கள், கடலோரச் சேற்றில் கெராங் சிப்பி பொறுக்குகிறவர்கள், இவர்களுக்கு ஒரு கணக்கும் இல்லை. நேரில் போய் நிறுத்தி, வாளிக்குள் எட்டிப் பார்த்து, எடை போட்டு எழுத வேண்டும். நான் எழுதுகிற ஒரு வாளியை வைத்து ஆபீஸ் நூறு வாளி கணிக்கும். ஃபாரத்தின் தலையில் ‘பொழுதுபோக்கு’ என்று பெரிதாக அச்சு.

ஆம்பளைகள் வாயைத் திறந்தால் பொய். ஒருத்தர் “மூணு கிலோ தொமான் மீன்” என்றார். தராசில் ஒன்றே சொச்சம். “தராசு பழசு லா அக்கா.” போன மாதம் வாங்கிய தராசு.

புந்தோங்காரர் ஒருத்தர், எங்கள் வீட்டுக்குப் பின் தெரு. பிடித்த நாலையும் திரும்பத் தண்ணீரில் விட்டார். “புரட்டாசி லா. வீட்டுக்குக் கொண்டு போனா மீனோட சேத்து என்னையும் வெளிய தள்ளிடும் என் பொண்டாட்டி.” ‘திரும்ப விட்டது’ என்ற கட்டத்தில் 4.

கால் ஊறிப்போய்விட்டது. இரவு ரசம், அப்பளம்.

செப். 25, வியாழன்

கொளுத்துகிற வெயில். பாகான் டத்தோ. இரண்டு மணி நேரக் கார், ஏசி படுத்துவிட்டது.

இந்தக் கரையை ஆகஸ்டிலேயே முடித்திருக்க வேண்டும். ஃபாரம் அச்சாகி வரத் தாமதமாம். ஒரு ஃபாரம் அச்சடிக்க ஆறு வாரம் ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

தென்னந்தோப்பு முடிகிற இடத்தில் பழைய எஸ்டேட் லயம். பதினோரு வீடு. பின்னால் கரைக்கட்டு. அதைத் தாண்டினால் சேறு, தண்ணீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய வரை சேறு.

முதல் வீடு லெட்சுமி அக்கா. வயது அறுபதை ஒட்டி. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறார். புருஷன் இறந்து நான்கு வருடம். உட்கார வைத்து, பால் இல்லாத கோப்பி ஓ கொடுத்தார். கேள்வியை ஃபாரத்தில் இருக்கிறபடியே கேட்க வேண்டும் என்பது விதி. கேட்டேன்.

“பொழுதுபோக்கா கெராங் எடுப்பீங்களாக்கா?”

“பொழுதுபோக்கா? முட்டி வரைக்கும் சேறு, முதுகு ஒடியுது. இது பொழுதுபோக்குன்னா வேலைன்னா என்னா தங்கச்சி?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“கடந்த ஏழு நாள்ல எவ்வளவு எடுத்தீங்க?”

“இந்த ஏழு நாள்லயா? ஒன்னும் இல்ல.”

பதினோரு வீட்டிலும் அதே பதில். வாளிகள் சுவரோரம் கவிழ்ந்து, காய்ந்து கிடந்தன. சேற்றில் அப்போது எட்டுப் பேர். பக்கத்து மலாய்க் கம்போங்காரர்கள், தாமான் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு சீனத் தம்பதி. அவர்களுக்கு எடை போட்டேன். நல்ல எடை.

கிளம்பும்போது லெட்சுமி அக்கா முருங்கைக்கீரை ஒரு கட்டு கொடுத்தார். கார் முழுக்க அந்த வாசம்.

அக். 4, சனி

மீண்டும் அதே கரை. மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை. லயத்தில் பதினோரு பூஜ்யம். பத்து நிமிடத்தில் முடிந்தது. சீக்கிரம் வீடு திரும்பியதில் சந்தோஷம், உண்மையைச் சொன்னால்.

சாயந்திரம் பெருமாள் கோயில். புரட்டாசிச் சனி, நிற்க இடமில்லை. என் வீட்டுக்காரர் புளியோதரைக்கு இரண்டு தடவை வரிசையில் நின்றார்.

தீபாவளிக்கு: திரைச்சீலை, முறுக்கு மாவு, இவருக்குச் சட்டை (கோடு போட்டது வேண்டாம்).

அக். 9, வியாழன்

கோபத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

ஈப்போ ஆபீஸில் கூட்டம். எங்கள் மேலாளர் சிவநேசன் சார் சுவரில் வரைபடம் காட்டினார். படித்தவர், குரலை உயர்த்தாதவர். கடற்கரை நெடுகக் கலர் புள்ளி. எங்கே புள்ளியோ அங்கே சிப்பி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். லயம் இருக்கிற இடம் மட்டும் வெள்ளை.

அதற்கப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். சிப்பி குறைந்துவிட்டது, இனி கண்டவர்கள் இறங்கக் கூடாது, கரைக்கட்டில் கேட் போடுகிறார்கள். பாஸ் வைத்திருப்பவர் மட்டும் உள்ளே போகலாம். பாஸ் யாருக்கு? கணக்கெடுப்பில் ‘எடுக்கிறார்’ என்று பதிவானவர்களுக்கு. பட்டியல் பாஸ் கொடுக்கிற கமிட்டிக்குப் போய்விட்டது. திங்கட்கிழமையே!

“சார், அந்தப் பதினோரு வீடு?”

“அங்க யாரும் எடுக்கறதில்லையே கலா. உங்க ஃபாரத்த வச்சுத்தான் சொல்றேன்.”

“சார், அது புரட்டாசி. ஒரு மாசத்துக்கு அவங்க கவுச்சியே தொட மாட்டாங்க. மத்த பதினோரு மாசமும் அந்தச் சேத்துலதான் கெடக்கறாங்க.”

சாரின் மேசையில் டிபன் கேரியர். அதற்குள் என்ன என்று ஆபீஸுக்கே தெரியும். தயிர் சோறு, வாழைக்காய்ப் பொரியல். மூன்று வாரமாக அதுதான்.

“நீங்களே சைவம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க. அந்தம்மா மட்டும் கெராங் எடுத்துத் திங்கணுமா சார்?”

“என் சாப்பாடு வேற, மெத்தட் வேற. நீங்க போனது கம்ப்யூட்டர் குலுக்கி எடுத்துக் குடுத்த நாள். நாம இஷ்டத்துக்கு மாத்தினா கணக்கு கெட்டுப் போயிடும்.”

“கெட்டுப்போன கணக்கத்தானே சார் அனுப்பியிருக்கோம்.”

“குரலக் குறைங்க.”

குறைக்கவில்லை. கடைசியில் ஒரு தாளை நீட்டினார். ‘நான் பதிவு செய்தவை அனைத்தும் உண்மை, முழுமை’ என்று உறுதிமொழி. கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த கான்ட்ராக்ட். உண்மைதான். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். போடவில்லை. தாளை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

புரட்டாசி தெரியாத ஒருத்தர் இதைச் செய்திருந்தால் தெரியாமல் செய்தார் என்று மனசு ஆறும். இந்த மனிதர் டிபன் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு செய்கிறார்.

அக். 10, வெள்ளி

தூக்கமே இல்லை. சார் மேல் இருக்கிற கோபத்தைவிட என் மேல்தான் அதிகம். புரட்டாசி பிறப்பதற்கு முதல் நாள் மீன் சட்டியைத் தேய்த்துக் கழுவிப் பரண் மேல் கவிழ்த்து வைத்தவள் நான். பிரிட்ஜை மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைத்தவள் நான். அதே கையால் பதினோரு வீட்டுக்கு இரண்டு தடவை பூஜ்யம் போட்டிருக்கிறேன். கழுத்தில் ஆபீஸ் அட்டையை மாட்டியதும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டேனா? அந்தக் குட்டைக்காரர் என் முகத்துக்கு நேராகவே சொன்னாரே. நாலு என்று எழுதிவிட்டு நகர்ந்தேன்.

மீனுக்காவது ‘திரும்ப விட்டது’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ‘இந்த மாதம் மட்டும் எடுக்கவில்லை’ என்பதற்குக் கட்டம் இல்லை. இல்லையென்றால் ஓரத்தில் எழுதியிருக்கலாம். பென்சில் என் கையில்தானே இருந்தது.

இவர் சொல்கிறார், “நீ பாத்ததத்தானே எழுதின. விடு கலா.” எதற்கெடுத்தாலும் விடு. காலையில் அவரிடம் பேசவில்லை. பாவம், அவர் என்ன செய்தார்.

சாருக்கு வாட்சாப் மூன்று. நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை.

கமிட்டிக்கு போன். ஒரு பெண் மலாயில் தன்மையாகப் பேசினார். கடிதம் எழுதுங்கள், பட்டியலை ஜனவரியில் மறுபடி பார்ப்போம் என்றார். ஜனவரி! அதுவரை அந்தப் பதினோரு வீட்டுக்காரர்களும் கரைக்கட்டு மேல் உட்கார்ந்து கடலை வேடிக்கை பார்க்க வேண்டுமா? கேட்டேன். “செலாமாட் தீபாவளி” என்று வாழ்த்திவிட்டு போனை வைத்துவிட்டார்.

கடிதம் எழுதி அனுப்பியாச்சு. மாவு இன்னும் அரைக்கவில்லை.

அக். 14, செவ்வாய்

நாள் முழுக்கத் தள்ளிப் போட்டு, நாலு மணிக்கு லெட்சுமி அக்காவுக்கு போன் போட்டேன். நேற்றே கேட் வந்துவிட்டதாம். இரும்புக் கேட், பூட்டு, பக்கத்தில் ஒரு பொண்டோக் கொட்டகை, அதில் காவலுக்கு ஒரு ஜாகா.

“பாஸ் கேட்டேன். லிஸ்ட்ல பேர் இல்லன்னாரு. நீதானே வந்து எழுதிட்டுப் போன?”

“நான்தான்க்கா. புரட்டாசின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல.”

“நெத்தியில திருநீறு பூசிக்கிட்டு வந்த. ஒனக்குமா சொல்லணும்?”

திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை படையலைப் பற்றித்தான் கவலைப்பட்டார். தீபாவளிக்கு முதல் நாள், செத்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும். புருஷனுக்கு கெராங் சம்பல். நான்கு வருடமாக அதை வைக்காமல் படைத்ததில்லை.

“பாசார்ல வாங்கிக்கலாமேக்கா.”

“பாசார் கெராங்க அந்த மனுசன் உசுரோட இருக்கறப்பவே தொட மாட்டாரு.”

ஞாயிறு வாரேன் என்று சொல்லிவிட்டேன். வந்து என்ன கிழிக்கப் போகிறேன், தெரியவில்லை.

அக். 19, ஞாயிறு

வந்து குளித்துவிட்டு எழுதுகிறேன். நகக்கண்ணில் இன்னும் சேறு.

பதினொன்றரைக்குத் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. வெயில், காற்றே இல்லை. சேற்றில் இருபது பேருக்கு மேல். நேற்றே புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே லயத்துப் பெண்கள் ஆறு பேர், லெட்சுமி அக்காவையும் சேர்த்து. ஆளுக்கொரு வாளி. கணக்கெடுக்கப் போனபோதெல்லாம் கவிழ்ந்து கிடந்த அதே வாளிகள்.

ஜாகா வயதான மலாய்க்காரர். சத்தம் போட்டேன். இவர்கள் முப்பது வருடமாக இந்தக் கரையில் இறங்குகிறவர்கள், யாரைக் கேட்டு நிறுத்துகிறீர்கள், எல்லாம் மலாயில். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“எனக்குத் தெரியும் அக்கா. லிஸ்ட்ட நான் எழுதல,” என்றார்.

கேட்டை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

பிறகு என் கழுத்து அட்டையைப் பார்த்தார். கணக்கெடுப்பு ஆட்கள் இறங்கலாம், அட்டை மாதக் கடைசி வரை செல்லும் என்றார். லெட்சுமி அக்கா வாளியை என் கையில் கொடுத்தார்.

கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். பத்தடியில் முட்டி வரை, இருபதடியில் தொடை வரை. இத்தனை வாரம் மற்றவர்கள் எடுத்ததை எடை போட்டவளுக்கு ஒன்றைக்கூட எடுக்கத் தெரியவில்லை. கரைக்கட்டு மேலிருந்து ஆறு பேரும் கத்தினார்கள்.

“கையால தேடாத! பாதத்தால தேடு!”

“தட்டுப்பட்டா குனி! நிக்காத, நின்னா எறங்கிடுவ!”

இரண்டு தடவை விழுந்தேன். ஒரு தடவை அழுதேன், முகம் சேறு, யாருக்கும் தெரிந்திருக்காது. ஒன்றரை மணி நேரத்தில் கால் வாளி.

வெளியே கொண்டு போக எடை போட வேண்டும். தராசு, புத்தகம், எல்லாம் பொண்டோக்கில். பெயர், மலாய்க்காரரா சீனரா இந்தியரா, எடை. அப்புறம் ஜாகா கேட்டார், “கெர்ஜாவா? சுக்கா-சுக்காவா?” வேலையா, சும்மா ஆசைக்கா.

“இது எனக்கில்ல. அந்தம்மாவுக்கு. செத்துப்போன புருஷனுக்குப் படைக்க.”

அப்படி ஒரு கட்டம் இல்லை. என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார், சுக்கா-சுக்காவில் குறி போட்டார். கையெழுத்துப் போடாமல் வாளி வெளியே போகாது. போட்டேன். இந்தப் புத்தகம்தான் ஜனவரிப் பட்டியலுக்குப் போகுமாம். இந்தக் கரையில் இந்தியர் எடுத்த சிப்பி என்று எழுதப்பட்டிருக்கிற ஒரே வரி என் பெயரில் இருக்கிறது.

லெட்சுமி அக்கா வாளிக்குள் கைவிட்டுப் பார்த்தார். செத்து வாய் திறந்து கிடந்த நாலைந்தைத் தூக்கி எறிந்தார். எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. மற்ற ஐந்து பேரையும் வாளியை நீட்டச் சொல்லி, ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டார். கடைசியில் மிஞ்சிய ஒரு கை அவருக்கு.

“பத்தாதேக்கா,” என்றேன்.

“படையலுக்குப் போதும்லா. செத்தவங்க ரொம்பத் திங்க மாட்டாங்க. தீவாளி முடிஞ்சு உசுரோட இருக்கறவங்க என்னா பண்றது, அத எழுதிக்கிட்டுப் போ.”