டென்பி தோட்டத்துக் குரோட்டன்ஸ் மூலையை உழக் கூடாது

அனுப்புநர்:
வினிஃப்ரெட் ஆம்ப்ரிம், பத்தாம் வகுப்பு,
டென்பி கரும்புத் தோட்டக் குடியிருப்பு,
கார்வெல் க்ரீக், குயின்ஸ்லாந்து.

பெறுநர்:
தொல்லிடப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
பிரிஸ்பேன்.

பொருள்: எங்கள் முன்னோரின் புதைகுழிகளை வரும் வெள்ளிக்கிழமை உழவிருப்பதைத் தடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவைத் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். பள்ளிக்கு நகல் அனுப்ப வேண்டாம். பதிலும் இந்த வீட்டுக்கு வேண்டாம், வீடு தோட்ட முதலாளி திரு. டென்பிக்குச் சொந்தம்.

1. என் கொள்ளுத்தாத்தா காலத்தில் பசிபிக் தீவுகளிலிருந்து ஆட்களைக் கப்பலில் ஏற்றிவந்து இங்கே கரும்பு வெட்ட வைத்தார்கள். செத்தவர்களை வயல் மூலையில் புதைத்தார்கள். கல் வைக்க விடவில்லை. எங்கள் ஆட்கள் ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு குரோட்டன்ஸ் குச்சியை ஊன்றினார்கள். அவை இன்று ஆள் உயரம் நிற்கின்றன. கொள்ளுத்தாத்தாவின் தம்பி அங்கேதான் இருக்கிறார்.

2. இங்கே டிராக்டர் ஓட்டுபவர்கள் எப்போதும் எங்கள் ஆட்களே. அந்த மூலை வந்ததும் அகலமாகத் திருப்பிவிடுவார்கள். "அடியில பாறைங்க, கொழு உடைஞ்சிரும்" என்பார்கள். அப்பா டென்பியும் நம்பினார், இப்போதைய முதலாளியான மகன் டென்பியும் நம்பினார். என்னை வளர்க்கும் கிளெம் மாமாவும் அப்படித்தான் ஓட்டிவந்தார்.

3. உலக வரலாற்று ஆசிரியர் திரு. ஹாலோரன், பழைய காலத்தவரே விட்டுச்சென்ற சான்று ஒன்றைத் தேடி, அதன் விளைவு இன்றுவரை எப்படி நீள்கிறது என்று எழுதச் சொன்னார். எகிப்து அரசர்களின் கல்லறைகளுக்கு மூன்று வாரப் பாடம் கொடுத்தவர் அவர். நான் குரோட்டன்ஸ் வரிசையை வரைந்து, எந்தச் செடியடியில் யார் என்று குறித்துக் கொடுத்தேன். அதை வகுப்பில் தூக்கிக் காட்டி, "செடியெல்லாம் வரலாறுன்னா எங்க வீட்டு வாசலே மியூசியம்தான்! காகிதத்துல இருக்கா? இல்லேன்னா அது கதை, கண்ணு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எழுத்தே கற்றுத்தராமல் வைத்திருந்தவர்களிடம் காகிதம் கேட்பது என்ன நியாயம், ஐயா?

4. சிரித்ததோடு விட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். பள்ளிக் குழுத் தலைவர் திரு. டென்பி. ஆசிரியர் என் படத்தை அவரிடமே கொடுத்துவிட்டார். இன்று மாலை அவர் எங்கள் வாசலில் நின்று கத்தினார். "பாறையா? என்கிட்டயே பாறைக் கதையா, கிளெம்? கவர்ன்மென்ட்டு வந்து வேலி போடறதுக்குள்ள நீயே உழணும். வெள்ளிக்கிழமை. இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணு." மாமா "சரிங்க" என்றார். பிறகு என்னிடம், "வாயத் தொறக்காத புள்ள. செத்தவங்களுக்கு எடம் பாத்தா இருக்கறவங்க எங்க போறது?" என்றார். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

5. அது வெறும் கதை என்றால் அதை அழிக்க ஏன் இத்தனை அவசரம்? என் பெயரைச் சொல்லாமல் இதை ஆசிரியரிடமும் கேளுங்கள். அவர் தெரியாமல் செய்தார் என்று நான் நம்பவில்லை.

ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் ஆள் அனுப்பி, அந்த மண்ணைத் தொடக் கூடாது என்று எழுத்தில் ஆணையிடுங்கள். ஆணையை மாமாவிடம் தர வேண்டாம். டென்பியின் கையிலேயே கொடுங்கள். மாமா மறுத்ததாக இருக்கக் கூடாது.

இடம்: கார்வெல் க்ரீக்
நாள்: 14.8.1978, திங்கள் இரவு

யாரோ வாசல் கதவைத் தட்டுகிறார்கள். டென்பியின் குரல். "கிளாஸ் பசங்க அந்தப் படத்தைப் பத்தி வீட்டுக்கு வீடு சொல்லிட்டாங்க, கிளெம். விடியறதுக்குள்ள முடிக்கணும். கெளம்பு, லைட்டு நான் புடிக்கிறேன்." மாமா பூட்ஸைத் தேடுகிறார். ஐயா, வெள்ளிக்கிழமை இல்லை, இப்போதே