யோகேஸ்வரியின் பச்சை மூடி டப்பா

கெலாங் பாத்தா,
புதன்கிழமை மத்தியானம்.

என் மூத்த மகள் ஷர்மினிக்கு அம்மா எழுதிக்கிறது. முருகன் புண்ணியத்துல நானும் அப்பாவும் தங்கச்சி மலரும் இங்க சுகம். உன் சுகத்தை உன் வாயால கேட்டு ரெண்டு வாரம் ஆச்சு, அதனால நீயும் சுகமா இருக்கேன்னு நானே எழுதிக்கறேன். இந்தக் காலத்துல யாரு கடுதாசி எழுதறாங்கன்னு நீ சிரிப்பே, சிரிச்சுக்க. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கற, மெசேஜ் போட்டா பதில் இல்ல, மலர் என்கிட்ட சொல்லிட்டான்னு அவளையும் பிளாக் பண்ணி வச்சிருக்க. போனை பாதியில வச்சிடலாம், கடுதாசியை அப்படி வைக்க முடியாது பாரு, அதான் பேனாவை எடுத்தேன். உன் காலேஜ் பிரவீனா அவ அக்கா கல்யாணத்தை முடிச்சுட்டு நாளைக்கு பேங்காக் திரும்புறா, வெள்ளிக்கிழமை சாயந்தரம் உன் ரூமுக்கு நேரா வந்து இதைக் கையில குடுக்கறேன்னு சொல்லியிருக்கா. கூடவே முறுக்கும் எலுமிச்சை ஊறுகாயும் இருக்கு, முதல்ல இதை முழுசா படி, அப்புறம் தின்னு. என்னைத் திட்டணும்னாலும் படிச்சு முடிச்சுட்டுத் திட்டு.

வீட்டுச் சேதி எப்பவும் போலத்தான். அப்பா விடியறதுக்கு முன்ன மோட்டார் சைக்கிளை எடுத்துக்கிட்டு பாலம் தாண்டி சிங்கப்பூர் போறாரு, இருட்டினப்புறம் வர்றாரு, போன வாரம் மழையில நனைஞ்சு வந்து ஒரே இருமல், கிளினிக்குக்குப் போங்கன்னா கேட்டாத்தானே, தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டு சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கறாரு. மலருக்கு பரீட்சை வருது, கணக்குல உன்னை மாதிரியே தடவுறா, அக்கா தங்கச்சி அதுல மட்டும் நல்ல ஒத்துமை. பேக்டரியில என் லைனுக்குப் புதுசா நேப்பாளப் பொண்ணுங்க வந்திருக்குங்க, நான் தமிழ்லயும் மலாய்லயும் கத்தறேன், அதுங்க சிரிக்குதுங்க, எப்படியோ பொட்டி போய்க்கிட்டு இருக்கு. போன மாசம் கோயில்ல ஆடிக் கூழ் ஊத்தினாங்க, உன் பேருக்கு அர்ச்சனைக்குக் குடுத்தேன், ஐயர் உன் நட்சத்திரம் கேட்டப்ப எனக்கு சட்டுனு வாய் வரல, பெத்தவளுக்கு மறக்குமா அது, பக்கத்துல நின்ன மலர்தான் சொன்னா. அன்னைக்கே எனக்கு மனசு சரியில்ல.

உனக்கும் அங்க லேசுப்பட்ட பொழப்பு இல்லன்னு எனக்குத் தெரியும் அம்மாடி. முதல் மாசம் அந்த ஊர் சமையல்ல ஊத்தற மீன் தண்ணி வாசம் ஒத்துக்காம வெறும் சோத்தையும் முட்டையையும் தின்னுக்கிட்டு இருந்தே. கால்வாய் படகுல தப்பான பக்கம் ஏறி எங்கேயோ போய் இறங்கி, பாஷை தெரியாம ஒரு பழக்கடைக்காரம்மா முன்னாடி நின்னு அழுதே, அந்தம்மா கொய்யாவை வெட்டி உப்பு மிளகாய் தொட்டுக் குடுத்து உன்னை பஸ் ஏத்தி விட்டுச்சு, அதை நீ போன்ல சொன்னப்ப நானும் உன்கூட அழுதுட்டு உன்கூடவே சிரிச்சேன். சமையல் கிளாஸ்ல விரலை வெட்டிக்கிட்டது, கூடப் படிக்கிற பிள்ளைங்க குரூப் வேலையில உன்னைச் சேர்த்துக்காம விட்டது, எல்லாம் தெரியும். ஒரு பேப்பர் போனதை நீ என்கிட்ட மறைச்சது மட்டும் எனக்கு வருத்தம். அலமாக், போனா என்ன, திரும்ப எழுது, உன் அப்பா லைசென்ஸ் எத்தனை தடவையில எடுத்தாருன்னு கேளு. அதுக்காக வீட்டுக்குப் பாரமா இருக்கோம்னு நினைச்சுக்கிட்டு லீவுல வேலைக்குப் போறேன்னு கிளம்பறதா? ஸ்டூடண்ட் விசாவுல வேலை செய்யக் கூடாதும்மா, பிடிச்சா அனுப்பிடுவாங்கன்னு எனக்குப் பாடம் எடுத்தவளே நீதானே.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சனிக்கிழமை காலையில உன் ரூமுக்குக் கீழ ஒரு வேன் காடி வரும், பக்கத்து வீட்டு ரூபன் வேலை செய்யற கம்பெனி காடி, எல்லைப் பக்கம் ரெண்டு மாசம் போன்ல பேசற வேலை, தங்க இடம் சாப்பாடு அவங்களே குடுப்பாங்க, பாஸ்போர்ட்டை மட்டும் மறக்காம எடுத்துக்க, அம்மாகிட்ட சொல்லாதே பயந்துக்குவாங்கன்னு ரூபன் சொன்னான்னு நீ மலருக்கு எழுதியிருக்க. அவ அதை வயித்துக்குள்ளயே வச்சுக்கிட்டு சோறு இறங்காம இருந்துட்டு கடைசியில அழுதுகிட்டு என்கிட்ட காட்டினா. நான் உடனே உனக்குப் போன் அடிச்சுக் கத்தினேன், என் வாய் உனக்குத் தெரியாததா. உங்களுக்கு எப்பவும் ரூபனைக் கண்டா இளக்காரம்மா அப்படின்னு சொல்லி நீ வச்சிட்ட. யாருக்குடி இளக்காரம்? உனக்கு ஊட்டின கையாலதான் அவனுக்கும் ஊட்டினேன். உன் டியூஷன் முடியற வரைக்கும் மழையில சைக்கிளோட வெளிய நின்ன பிள்ளை அவன். அவன் கெட்டவன் இல்ல ஷர்மி. ஆனா அந்தக் காடியில நீ ஏறக் கூடாது. அவனே உள்ள உக்காந்து வா வான்னு சிரிச்சுக்கிட்டு கூப்பிட்டாலும் ஏறக் கூடாது.

ஏன்னு சொல்றேன் கேளு. போன தீபாவளி முடிஞ்சு கம்ப்யூட்டர் கம்பெனின்னு சொல்லிக்கிட்டுப் போனவன் ஆரம்பத்துல தினமும் கூப்பிட்டான், அப்புறம் ஞாயித்துக்கிழமை மட்டும்தான். அவன் அம்மா யோகேஸ்வரி போனைத் தூக்கிக்கிட்டு நம்ம வீட்டுக்கு ஓடி வருவா, நாங்களும் அவன் முகத்தைப் பார்ப்போம். எப்பப் பார்த்தாலும் அதே சட்டை, பின்னாடி வெள்ளைச் சுவரு. ஒண்ணு கேட்டா முதல்ல பக்கத்துல யாரையோ பார்க்கறான், அப்புறம்தான் சிரிக்கறான், அப்புறம்தான் பதில். அம்மாவுக்கு சர்க்கரை எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்கல, ஷர்மி இன்னும் பேங்காக்லதானா, லீவு எப்ப விடறாங்கன்னு கேட்டான். ஒரு ஞாயித்துக்கிழமை மொட்டைத் தலையோட வந்தான். யோகேஸ்வரி அங்க ஏதோ கோயில்ல வேண்டுதலாம்னு எல்லார்கிட்டயும் சொன்னா. நானும் தலையாட்டினேன். ஆனா தைப்பூசத்துக்குத் தவறாம பால்குடம் எடுக்கற பிள்ளை என்னைக்காவது முடியைக் குடுத்திருக்கானா? அவங்க அப்பா காரியத்துக்கே கெஞ்சிக் கூத்தாடித்தானே உக்கார வச்சோம், மோட்டார் கண்ணாடியில தலை சீவாம ஒரு நாள் வெளிய போயிருப்பானா அவன்?

பேக்டரி கேன்டீன்ல வெள்ளையம்மான்னு ஒருத்தவங்க இருக்காங்க, காஹாங் ஊர்ல அவங்க அண்ணன் மகன் இதே மாதிரி எல்லைப் பக்கம் வேலைன்னு போய் எல்லை ஆத்தைத் தாண்டி அடுத்த நாட்டுல மாட்டிக்கிட்டு உயிரோட திரும்பி வந்த பையன். நேத்து நான் அவங்ககிட்ட ரூபனைப் பத்திச் சொன்னேன், குழம்புக் கரண்டியைக் கீழ வச்சிட்டு என்னைத் தனியாக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. போனதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்குவாங்களாம், ஊர் பேர் தெரியாதவங்ககிட்ட போன்ல பேசி ஏமாத்தற வேலையாம், வெளிய விட மாட்டாங்களாம். உன் இடத்துக்கு ரெண்டு ஆளைக் கொண்டா, உன்னை விட்டுடறோம்னு சொல்வாங்களாம். தெரிஞ்சவங்களைத்தான் கூப்பிடச் சொல்வாங்களாம், தெரிஞ்சவன் கூப்பிட்டா யாருக்கும் சந்தேகம் வராதுல்ல. நான் மாட்டேன்னு சொன்னா முதல்ல தலையை வழிச்சு ரூமுல போட்டு அடைப்பாங்களாம். அப்ப ரூபனும் முதல்ல மாட்டேன்னுதானே சொல்லியிருக்கான். முடி போற வரைக்கும் அந்தப் பிள்ளை உன் பேரைச் சொல்லல ஷர்மி. அப்புறம் என்ன பண்ணினாங்களோ, அதை வெள்ளையம்மா சொல்ல வந்தாங்க, நான் வேண்டாம்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

இன்னொண்ணு இருக்கு, அதை எழுத எனக்கு வாய் கசக்குது. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடற அந்தப் பச்சை மூடி டப்பா உனக்குத் தெரியுமே. நீ பொறந்த வருஷத்துல இருந்து அவ வடையோட அனுப்பினா நான் சாம்பாரோட அனுப்புவேன், நான் பாயாசம்னா அவ பணியாரம், சண்டை போட்டுப் பேசாம இருந்த நாள்லயும் வெறும் டப்பா திரும்பினதில்ல, ஒண்ணுமே இல்லன்னா ஒரு பிடி சீனியாவது போட்டு வைப்போம். நம்ம வீட்ல வெறும் பாத்திரம் திருப்பிக் குடுக்கற பழக்கம் கிடையாது. போன மாசம் முந்திரியும் நெய்யும் வழிய வழிய கேசரி கொண்டாந்தா, வெள்ளிக்கிழமையும் இல்ல விசேஷமும் இல்ல. உக்காந்து உன்னைப் பத்தியே பேசினா, உன் பேங்காக் நம்பர் கேட்டா. பிறகு தர்றேன்னு சொல்லிட்டு டீத் தண்ணி கலக்க அடுப்படிக்குப் போனேன். அவ போனப்புறம் பார்த்தா என் போன்ல இருந்து உன் நம்பர் அவளுக்குப் போயிருக்கு. அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தோணல, கேட்டிருந்தா குடுத்திருப்பேனேன்னு மட்டும் நினைச்சேன். அதுக்கப்புறம் அவ நம்ம வீட்டுப் பக்கம் வரவே இல்ல. தினம் வர்றவ வரல. டப்பா கழுவிக் கவிழ்த்து வச்சபடி இருக்கு, அதுல எதைப் போட்டுத் திருப்பிக் குடுக்கறதுன்னு எனக்குத் தெரியல.

இதுவரைக்கும் எழுதிட்டு இருக்கறப்பவே வாசல் கேட் சத்தம் கேட்டு எழுந்து போனேன். இப்பத்தான் மறுபடியும் உக்கார்றேன், எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க. யோகேஸ்வரிதான் வந்தா. கண்ணெல்லாம் வீங்கிக் கிடக்கு, என் டப்பாவைக் குடு ராணின்னு வாசல்லயே நின்னா. உள்ள வான்னேன், வரல. நான் எல்லாத்தையும் நேராவே கேட்டுட்டேன். இல்லைன்னு அவ சொல்லல. போலீஸுக்குப் போலாம் வா, என் வீட்டுக்காரரும் கூட வருவாரு, பிள்ளையை மீட்கலாம்னு அவ கையைப் பிடிச்சுக்கிட்டு கெஞ்சினேன். ரிப்போர்ட் பண்ணினா அவனைக் கொன்னுடுவாங்க ராணின்னு சொல்லிட்டுக் கையை உருவிக்கிட்டா. அப்புறம் நான் உள்ள போய் டப்பாவைக் கொண்டாந்து குடுத்தேன். ஒண்ணும் போடல. அவ மூடியைத் திறந்து உள்ள பார்த்தா, ரொம்ப நேரம் பார்த்தா, மூடினா. எனக்கு அவன் ஒருத்தன்தான், உனக்குத்தான் மலர் இருக்காளேன்னு சொன்னா. கத்தல, அழல, அரிசி விலை சொல்ற மாதிரி சொன்னா. அவ போறப்ப நம்ம கேட்டை எப்பவும் போலப் பூட்டித் தள்ளிப் பார்த்துட்டுத்தான் போனா.

அவளைச் சபிக்க எனக்கு மனசு வரல, நீயும் சபிக்காதே. அவ இடத்துல நான் இருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு யோசிக்கவே பயமா இருக்கு. அப்பா வந்ததும் அவ வந்தாலும் வராட்டியும் நாங்க ரெண்டு பேரும் போலீஸ்ல போய்ச் சொல்லத்தான் போறோம். அதனால அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா அது என் தலையிலதான், இருந்துட்டுப் போகட்டும். நீ செய்ய வேண்டியதைச் சொல்றேன். சனிக்கிழமை அந்த ரூமுல இருக்காதே, அவங்களுக்கு உன் விலாசம் தெரியும். இதைப் படிச்ச கையோட துணியை எடுத்துக்கிட்டு பிரவீனா கூடவே கிளம்பி அவ வீட்டுக்குப் போயிடு, பாஸ்போர்ட்டை அவகிட்ட குடுத்து வை. காலேஜ் ஆபீசுலயும் ஒரு வார்த்தை சொல்லி வை. ரூபன் கூப்பிட்டா எடு, திட்டாதே, எனக்கு எல்லாம் தெரியும்னும் சொல்லாதே, பக்கத்துல கேட்டுக்கிட்டு இருப்பாங்க. காய்ச்சல், வர முடியலன்னு சொல்லு. சாப்பிட்டியான்னு ராணி அத்தை கேட்டாங்கன்னு சொல்லு, அது ஒண்ணு போதும், அவனுக்குப் புரியும்.

மாரியாத்தா உன்னைக் காப்பாத்துவா, உன் படிப்பு நல்லபடியா முடியும், போன பேப்பரும் திரும்பி வரும், நீ நூறு வருஷம் நல்லா இருப்பே. என்கிட்ட கோவம் தீரலன்னா பேச வேண்டாம், சனிக்கிழமை விடிஞ்சதும் ரிங் மட்டும் விட்டு வை, நான் புரிஞ்சுக்கறேன். மறந்துடாதே. அன்னைக்குக் காலையில பசியாறாம போனை மடியில வச்சுக்கிட்டு ஹால்ல உக்காந்திருப்பேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் யோகேஸ்வரியும் போனை மடியில வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருப்பா. எங்க ரெண்டு பேர்ல யாருக்கு முதல்ல அடிக்கப் போகுதோ தெரியல.

உன் அம்மா,
செல்வராணி மணியம்