நாலாம் நம்பரில் மட்டும் ஊதிய ப்ளோயர்

முதுநகர், கடலூர்
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீயும் சுகம் என்றுதான் சொல்கிறாய், ஆனால் உன் கார் சுகமில்லை என்று மற்றவர் வாயால் கேட்டு இதை எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா, டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். வாய்ஸ் அனுப்பினால் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறாயாம், உன் அம்மாவே சொன்னாள். அதனால்தான் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். என் கையெழுத்தை வேகம் கூட்டிப் படிக்க முடியாது.

நடந்ததை நான் துண்டு துண்டாகத்தான் ஒட்டவைத்துக்கொண்டேன். உன் காரில் வெப்பக் காற்று ஊதும் ப்ளோயர் தீபாவளிக்குப் பிறகு வேகக் குமிழை நாலாம் நம்பரில் வைத்தால் மட்டும்தான் ஓடியது, ஒன்று இரண்டு மூன்றில் ஓடவில்லை என்று சிதம்பரத்தில் இருக்கும் உன் ஸ்ரீதர் மாமாவிடம் சொல்லியிருக்கிறாய், ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவராயிற்றே. அவர் "நாலுலயே ஓட்டு பாப்பா, ஒண்ணும் ஆவாது" என்றிருக்கிறார். போன வாரம் அதுவும் நின்றுபோய், ஸ்காட்லாந்துக் குளிரில் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரு கையால் முன்கண்ணாடியின் ஆவியைத் துடைத்துக்கொண்டே இருட்டில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகிறாய் என்பதையும், நாயோடு ரோட்டைக் கடந்த ஒருவர் மீது ஏற்றிவிடப் பார்த்தாய் என்பதையும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அவள் சங்கரா மீனைக் கழுவிக்கொண்டே வாய்தவறி என்னிடம் சொன்னாள். மாமாவுக்கு ஒரு துண்டு, அம்மாவுக்கு ஒரு துண்டு, எனக்கு ஒன்றுமில்லை. இருபத்தைந்து வருடமாகக் காலேஜில் பிசிக்ஸில் மின்தடைப் பாடம் நடத்துகிறவன் வீட்டில் இருக்கிறான் என்பது உனக்கு நினைவு வரவில்லை. பரவாயில்லை, என்னிடம் படித்தவனையே எனக்கு மேலே துறைத்தலைவராக உட்காரவைத்த காலேஜுக்கும் அது நினைவு வரவில்லை. ஸ்ரீதர் தன் புது வீட்டு கிரகப்பிரவேசப் பத்திரிகையில் எல்லார் பெயருக்குப் பின்னாலும் படிப்பைப் போட்டுவிட்டு என் பெயரை மட்டும் மொட்டையாகப் போட்டதையும் நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கமே நான் போனதில்லை என்பது உனக்குத் தெரியும்.

இதெல்லாம் ஒருபுறம். ஆனால் நாலில் மட்டும் ஏன் ஓடியது என்ற கேள்வி என்னைச் சாப்பிடவிடவில்லை. உன் காரும் நம் காரும் ஒரே ஜாதி, ஸ்டியரிங்கூட ஒரே பக்கம். ஏசிக்கும் ஹீட்டருக்கும் ஊதுவது ஒரே ப்ளோயர்தான். கடலூரில் ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பியவர் யாரும் இருக்க மாட்டார்கள், நான் திருப்பினேன். வெப்பம் எந்த வழியாக வருகிறது என்று பார்க்கக் கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு இஸ்மாயில் பாய் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டி "சார், மயக்கமா? யாரையாச்சும் கூப்புடட்டா?" என்றார். உன் அம்மா வாசலில் நின்று, "மயக்கமெல்லாம் இல்ல பாய், மவளுக்கு அங்க குளுருதாம், இவுரு இங்க காயுறாரு" என்றாள்.

அங்கேதான் வேடிக்கை. ஒவ்வொரு நம்பராக வைத்துப் பார்த்தால் நம் வண்டியிலும் ஒன்று இரண்டு மூன்று ஓடவில்லை! எப்போது போனதோ தெரியாது. இந்த ஊர் வெயிலில் யார் நாலுக்குக் கீழே வைத்தார்கள்? உன் மாமா சொன்ன யோசனைக்கும் அர்த்தம் புரிந்தது, இங்கே எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

இடதுபக்கம் க்ளவ் பாக்ஸைக் கழற்றினேன். உள்ளே ரெசிஸ்டர் என்று, நான் நடத்தும் அதே மின்தடைதான், உள்ளங்கை அளவு ஒரு துண்டு. முதல் மூன்று நம்பருக்கும் கரண்ட் அதன் கம்பிச்சுருள் வழியாகப் போகிறது, நாலுக்கு மட்டும் நேராகப் போகிறது. சுருள் எரிந்தால் நாலு மட்டும் மிஞ்சும். இதில் அழகு என்னவென்றால், சூடேறும் அந்தச் சுருளை ப்ளோயரின் காற்று போகும் வழியிலேயே வைத்திருக்கிறார்கள், தான் விடும் காற்றாலேயே தன் சுருளைக் குளிரவைத்துக்கொள்கிறது. அப்படியானால் காற்று குறைந்தால்தான் எரியும். காற்றை எது அடைத்தது? ஃபில்டரை உருவினேன். பழுப்பாகக் காய்ந்து, கம்பளி மாதிரி அடை அடையாகச் சாமந்தி இதழ்கள். காற்றாடிச் சக்கரத்திலும் சிக்கியிருந்தன. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் பானெட்டில் மாலை போட்டு வைப்பருக்கு அடியில் செருகுகிறோமே, அதற்குக் கீழே இருக்கும் கறுப்பு வலைதான் ப்ளோயர் மூச்சிழுக்கும் இடம்.

உடனே நீ அனுப்பிய ஆயுத பூசைப் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மா வீடியோவில் "இன்னும் மேல போடுடி, கண்ணாடிய ஒட்டிப் போடு" என்று சொல்லச் சொல்ல நீ போட்ட மாலை சரியாக அந்த வலைமேல்தான் கிடக்கிறது. மழையும் இதழ்களை உள்ளே இறக்கியிருக்கும். ஊகம்தான், நீ திறந்து பார்த்தால்தான் உறுதி.

நம் வண்டிக்கு ரெசிஸ்டர் கடலூரில் கிடைக்கவில்லை. சிதம்பரம் போனேன். வேறு வழியில்லை, ஸ்ரீதர் கடையில்தான் இருந்தது. "வாங்க மாமா, ப்ரொபசர் வண்டிக்கும் சளி புடிச்சிச்சா?" என்றார். நான் சிரிக்கவில்லை. நீ இருட்டில் துடைத்துக்கொண்டே ஓட்டுவதைச் சொன்னேன். மனுஷன் கையில் இருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "கண்ணாடி மூடிக்குதுன்னு எங்கிட்ட சொல்லவேயில்ல மாமா. சொல்லியிருந்தா நாலுலயே ஓட்டுன்னு சொல்லுவனா?" என்றார். முகம் செத்துப் போயிற்று. டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன். பத்திரிகை விஷயம் அப்படியேதான் இருக்கிறது.

வந்து சுத்தம் செய்து மாட்டினேன். ஒன்றாம் நம்பரில் மெதுவாக ஊதியது. அந்தச் சத்தத்தையே மறந்திருந்தேன்.

நீ செய்ய வேண்டியது, நாலும் நின்றுவிட்டதால், சாவியை எடுத்துவிட்டு முதலில் ப்ளோயரின் ஃபியூஸைப் பார். போயிருந்தால் அதே நம்பர் ஃபியூஸைத்தான் போட வேண்டும், பெரிதைப் போட்டால் வயர் எரியும். போடுவதற்கு முன் ஃபில்டரை உருவி இதழ்களை எடு, சக்கரத்தை விரலால் சுற்றிப் பார், இறுக்கமாக இருந்தால் மோட்டார் திணறித்தான் ஃபியூஸ் போயிருக்கும். ரெசிஸ்டரில் செருகியிருக்கும் பிளக் உருகியோ கருகியோ இருந்தால் எதையும் தொடாமல் கராஜுக்குக் கொண்டு போ. ஒன்று இரண்டு மூன்றும் ஓட வேண்டுமென்றால் புது ரெசிஸ்டர் மாட்ட வேண்டும். ஓடியும் காற்று குளிர்ச்சியாகவே வந்தால் அது வேறு கோளாறு, எனக்குச் சொல். அதுவரை பஸ்ஸில் போ. துடைத்துக்கொண்டு ஓட்டுவது இன்றோடு நிற்க வேண்டும், இதில் மட்டும் "சரிப்பா" என்று சொல்லி ஏமாற்றாதே.

இன்னொன்று. இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு அனுப்பாதே. உள்ளே என்ன இருந்தது என்று கேட்டாள், குப்பை என்றேன். நீ பத்திரமாகப் போய்வர வேண்டும் என்று அவள் போடச் சொன்ன மாலைதான் உன் கண்ணாடியை மறைத்தது என்று தெரிந்தால் அவளால் தாங்க முடியாது. நான் யாரிடமும் எதையும் சொல்லிக்காட்டாமல் விட்டதில்லை, உனக்கே தெரியும். இதைச் சொல்லிக்காட்டப் போவதில்லை. அடுத்த பூசைக்கு மாலையை முன்னால் நம்பர் பிளேட்டுக்கு மேலே கட்டு, காரணம் கேட்டால் அப்பா பிடிவாதம் என்று சொல், நம்புவாள்.

எல்லா நலமும் உனக்குக் கூடிவரட்டும், கை கால் சூடாக இருக்கட்டும். காற்று வந்ததும் முதலில் எனக்குச் சொல். மாமாவுக்கு அரைமணி நேரம் கழித்துச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
இளவரசு, எம்.எஸ்ஸி., எம்.ஃபில்.