மழை மாதத்தில் நான் வைத்த ஹாஜர்

தேவிகுளம்
14 செப்டம்பர், ஞாயிறு

அன்பு மகள் யோகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. புனேயில் உன் உடம்பும் மனசும் சுகமாக இருக்க மாரியாத்தா துணை இருக்கட்டும். இங்கே அப்பா, தம்பி அஜய், நான் மூவரும் உடம்புக்குச் சுகம்தான், என் மனசுதான் வியாழக்கிழமையிலிருந்து ஒரு நிலையில் இல்லை. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன், உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் அஜய் நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன். இதை அவன் போட்டோ பிடித்து அனுப்புவான், தாளும் தபாலில் வரும். முழுதும் படித்த பிறகு என்னைத் திட்டு.

வியாழக்கிழமை ஸ்கூலில் பெற்றோர் கூட்டம். நான் கஞ்சிப்புரை அடுப்பில் பயறு தாளித்துக்கொண்டிருந்தேன், முழங்கால் போய்த் தேயிலைக் கொழுந்தெடுப்பை விட்ட நாளிலிருந்து எனக்கு ஸ்கூல் சமையல்தானே வேலை. பூமாரியம்மாவைக் கூப்பிடுங்கள் என்று ஆள் வந்தது, கையைத் துடைத்துக்கொண்டு போனேன். வந்திருந்த ஆபீஸர் ஒரு தாளை வைத்து வாசித்தார். ஜூன் மாதம் உங்கள் கம்பெனி கொடுத்த டேப்லெட்டில் எல்லா ஸ்கூலையும்விட நம் ஸ்கூல்தான் முதலாம், பதினேழு பிள்ளைகளும் ஒரு நாள் விடாமல் பாடம் முடித்திருக்கிறார்களாம், மார்க் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டாம். பிள்ளைகள் தாங்களாகவே படித்துக்கொள்வதால் வருகிற வருஷம் வாத்தியார் தனபால் சாரை வேறு ஊருக்கு மாற்றிவிடலாம், டேப்லெட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போதும், அதற்குப் பூமாரியம்மாவையே போடலாம் என்றார். ரிப்போர்ட் எழுதியது நம் யோகப்பிரியா என்றும் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள், தனபால் சாரும் தட்டினார். எனக்கு மட்டும் அந்தக் கைதட்டலை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஏன் தெரியுமா, பிள்ளைகள் வந்து படித்ததாகச் சொல்லும் அந்த ஹாஜர் முழுக்க நான் வைத்தது. பதறாதே, சொல்கிறேன். டேப்லெட்டுக்குச் சார்ஜ் போடும் பிளக் கஞ்சிப்புரையில்தான் இருக்கிறது, அதனால் சார் பெட்டியை என் பொறுப்பில் விட்டிருந்தார். அதை மாட்டிக் கொடுக்க வந்த உங்கள் ஆள் ஜிதின் போகும்போது என்னிடம், "சேச்சி, டெய்லி எல்லா குட்டி பேரும் பச்சை ஆகணும், இல்லேன்னா ஸ்கூல் லிஸ்ட்ல இருந்து போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஜூன் ஜூலை மழை உனக்குத் தெரியும். கீழ் டிவிஷன் பாதையில் யானை வேறு நின்றது, பதினேழில் ஏழு எட்டுப் பிள்ளைகள் வந்தால் பெரிது. தேயிலைக் காட்டில் காய்ச்சலோடு ஒருத்தி உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு அன்றைய கூலிப் பேர் போகாமல் இருக்க ஆளுக்கு இரண்டு கிலோ கொழுந்து அவள் சாக்கில் போடுவோமே, இருபத்தெட்டு வருஷம் அதைச் செய்த கை இது. வராத பிள்ளையின் படத்தைத் தொட்டேன், பாடம் ஓடியது, கேள்வி வந்தது, தப்பென்றால் மறுபடி தொட்டேன், கடைசியில் பச்சை விழுந்தது. பயறு வேகிற நேரத்தில் முடிந்துவிடும். வந்த பிள்ளைகள் பாதியில் விட்டதையும் நானே முடித்து வைத்தேன். சாருக்கு இது தெரியாது. உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேனே தவிர, திருட்டு என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

கூட்டம் கலைந்ததும் மொக்கையன் மகள் தமிழ்ப்ரியாவைக் கூப்பிட்டேன். மூன்றாம் வகுப்பு, டேப்லெட்டில் எட்டாம் பாடம் வரை பச்சை. கஞ்சிப்புரைப் பலகையில் நான் எழுதியிருந்த அன்றைய சாப்பாட்டைப் படிக்கச் சொன்னேன். சோ என்றாள், அதற்கு மேல் வரவில்லை. "எத்தே, நான் மழையில வரவே இல்லேல்ல" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் ஸ்டோர் ரூமுக்குள் போய்விட்டேன் தாயி. அங்கே உங்கள் டேப்லெட் வந்த அட்டைப்பெட்டிகள், அதற்குக் கீழே லாக்டவுன் டிவி, அதற்கும் கீழே நீ படித்த காலத்துக் கம்ப்யூட்டர் மூன்று, அடியில் ரேடியோ. எல்லாம் வந்த அன்று மாலை போட்டு வாங்கியதுதான். அந்தக் கம்ப்யூட்டரை வருஷத்துக்கு இரண்டு தடவை கால் கழுவிக்கொண்டு போய்த் தொட்டுப் பார்த்ததாக நீயே சொல்லிச் சிரிப்பாய். மேலே கிடந்த ரிஜிஸ்டரைத் தூசு தட்டிப் பார்த்தேன், தினமும் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது, நடந்தது என்று எவரோ அழகாக எழுதியிருக்கிறார்கள். பழைய சாமான்களின் கதை வேறு அம்மா, எங்களுடையது தானே கணக்கெடுக்கும், யாரும் பொய் எழுத முடியாது என்று ஓணத்துக்கு வந்தபோது சொன்னாயே. எழுதிய அந்த ஆளின் இடத்தில் இப்போது உன் அம்மா உட்கார்ந்திருக்கிறேன்.

டேப்லெட் கெட்டது என்று நான் சொல்லவில்லை. லாக்டவுனில் ஒரே டிவிப் பாடம்தான் இங்கேயும் கீழ் டிவிஷனிலும் ஓடியது. இங்கே தனபால் சார் லயத்து வீடு வீடாக முகத்தில் துணி கட்டிக்கொண்டு வந்து, இன்று டிவியில் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொரு பிள்ளையையும் வாசலில் நிறுத்திக் கேட்டார். நம் அஜய் பெருக்கல் படித்தது அப்படித்தான். கீழே பாதையை அடைத்திருந்ததால் அவர் போக முடியவில்லை, அந்த வருஷத்துப் பிள்ளைகள் இன்றும் கையெழுத்துப் போடத் தடுமாறுகிறார்கள். இதை உன் ரிப்போர்ட்டில் எழுத உனக்குத் தோன்றவில்லையா? படித்த பிள்ளை நீ, நம் ஊருக்குத் தொண்ணூற்றெட்டு வந்ததும் சந்தோஷப்பட்டாயே தவிர, ஜூலை மழையில் எப்படி ஒரு பிள்ளைகூட லீவு போடவில்லை என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா. உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

அப்பாவிடம் அன்றே சொன்னேன். ஃபேக்டரியிலிருந்து வந்த மனுஷன் டீயைக் கீழே வைத்துவிட்டார். "புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டுறாத பூமாரி, கம்முன்னு இரு" என்றார். உனக்கு இப்போதுதான் பெரிய வேலை கிடைத்திருக்கிறது, இந்த ரிப்போர்ட்டுக்காகத்தான் கிடைத்தது என்பதும் எனக்குத் தெரியும். மூன்று நாளாக அதை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் இருபத்தைந்தாம் தேதி நீ ரிப்போர்ட்டை மேலே அனுப்பினால் நாற்பது ஸ்கூலுக்கு இதே ஏற்பாடு வரும் என்று ஆபீஸர் சொன்னார். நாற்பது ஸ்கூலிலும் ஒரு தனபால் சார் போய், அந்த இடத்தில் என்னைப்போல ஒருத்தி பச்சை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அம்மாவால் அதைத் தாங்க முடியாது.

அதை நிறுத்து தாயி. உன் மேலதிகாரியிடம் இந்தத் தாளையே காட்டு, தப்பு செய்தது சமையல்காரி என்று சொல், அது உண்மைதானே. நாளைக் காலையில் தனபால் சாரிடமும் சொல்லப்போகிறேன். என் வேலை போனால் போகட்டும், உன் வேலைக்கு என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. என்ன ஆனாலும் இங்கே உனக்கு வீடு இருக்கிறது, அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கொடுத்தனுப்பிய இஞ்சித் தொக்கு பூஞ்சை பிடிப்பதற்குள் காலி செய். தலைவலி என்றாயே, கண்ணைக் காட்டினாயா? இருபத்தைந்தாம் தேதியை மறக்காதே. நீ நன்றாக இருப்பாய், மாரியாத்தா உன்னைக் கைவிட மாட்டாள்.

பதினேழு பிள்ளைகள் பேரில் விரல் வைத்தவள், இதில் மட்டும் என் பேரிலேயே கையெழுத்து வைக்கிறேன்.

உன் அம்மா,
சு. பூமாரி