விடு என்ற சொல்

நோர்வூட் தேயிலைத் தோட்டம், 12.8.1936

அப்பாவுக்கு மகன் வீரமுத்துவின் வணக்கம். அம்மாவின் இருமல் நின்றதா? வழக்கம்போல் கணக்கப்பிள்ளைதான் எழுதித் தருகிறார். நான் சுகம்.

இங்கே ஒரு வழுக்குப்பாறை இருக்கிறது. பின்புறம் நடைபாதை உண்டு. ஆனாலும் துரைக்கு முன்புறமாக ஏறத்தான் பிரியம். நான் நடந்து உச்சிக்குப் போய், அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பாதியில் "விடு, விடு!" என்று கத்தினார். கொஞ்சம் தளர்த்தச் சொன்னாராம். "விட்டா செத்துப்போவீங்க, தொரை!" என்று நான் இன்னும் இறுக்கினேன். அவர் வழுக்கித் தொங்கினார். கயிறு என் உள்ளங்கைத் தோலையும் பெருவிரல் தோலையும் உரித்துவிட்டது. அவருக்குக் கீறல்கூட இல்லை.

சொல் கேளாததற்கு என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். நீக்கும் சீட்டில் நான் பெருவிரல் ரேகை வைக்கவேண்டும். தோல் வளரும்வரை ரேகை விழாது; அதுவரை கூலிக்காரர் லயத்து அறையில் இடமுண்டு.

கட்டுப்போட அம்மாவின் பழைய சேலைத்துணி அனுப்புங்கள். மணி அடித்துவிட்டது, கணக்கப்பிள்ளை எழுந்துவிட்டார். புண் ஆற்றும் எண்ணெய் மட்டும் அனுப்பவேண்டாம்.